முள் நிற்கும் இடம்

அந்த வீட்டில் கார் ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர். காலையில் மனைவி, மதியத்துக்கு மேல் கணவர். ஊர் மலைமேல் இருந்தது. காலைச் சவாரிகள் எல்லாம் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும்: இரவு வேலை முடிந்த நர்ஸை வீட்டில் விடுவது, டீச்சர்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, வங்கி வாசலில் யாரையாவது விட்டுவிட்டுக் காத்திருப்பது. மதியச் சவாரி நீளம். சமவெளியில் இருக்கும் ரயில் நிலையத்துக்கு ஆட்களை இறக்கிவிட்டு, அங்கே வந்திறங்கியவர்களைப் பெட்டி படுக்கையோடு ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏறி வரவேண்டும்.

ஊரில் மனைவிக்கு டிரைவரம்மா என்று பெயர். வீட்டில் மட்டும் அந்தப் பெயருக்கு இன்னும் அங்கீகாரம் கிடைக்கவில்லை. காரணம் கார்தான். காலையில் அவள் கிளப்பினால் அது இழுக்காது. தெருவின் ஏற்றத்தில் இருமும். சிக்னலில் நின்றால் உடம்பை உதறும். பெட்ரோலோ, ஊற்ற ஊற்ற எங்கே போகிறதென்றே தெரியாது. அதே கார் மதியம் கணவர் ஏறி உட்கார்ந்ததும் சமர்த்தாகிவிடும். கொழுந்தன் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தான். யாரிடம் முறுக்கிக்கொள்ள வேண்டும், யாரிடம் குழைய வேண்டும் என்று அதற்குத் தெரியுமாம்.

கணவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். அவர் பொறுமையாகக் காரணம் சொல்வார், அதுதான் கஷ்டம். உனக்கு வலது கால் கனம், ஆக்ஸிலரேட்டரைப் பதமாக மிதிக்க வரவில்லை, அதனால்தான் இழுக்கவும் இல்லை, பெட்ரோலும் குடிக்கிறது என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். அவளும் காலைப் பூப்போல வைத்துப் பார்த்தாள். பூப்போல வைத்தால் மகாராணி நகரவே இல்லை.

கடைசியில் ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "அடுத்த மாசம் முதல் தேதியில இருந்து காலை ஓட்டத்தைத் தம்பி பார்க்கட்டும். நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

அந்த வீட்டில் 'கொஞ்ச நாள்' என்று சொல்லி ஒதுக்கிவைத்த சைக்கிள் ஒன்று இன்னும் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. தையல் மிஷின் ஒன்று அதற்குத் துணை. கொழுந்தன் ஒரு வேலையை விட்டு இன்னொன்று கிடைக்கும்வரை வீட்டில் இருந்தான். "அண்ணி, நான் கேக்கல, அண்ணனாத்தான் சொன்னாரு" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே முனகினான். அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் காலையில் ஊர் விழிக்கும் முன்பே சாவியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும் அந்த நேரம், அவள் வாழ்க்கையில் யாரும் கொடுக்காமல் அவளே சம்பாதித்துக்கொண்ட நேரம். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

இதில் போன கோடைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது ரயிலடியிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கணவர் மேலே வந்துகொண்டிருந்தார். வளைவு ஒன்றில் என்ஜின் கொதித்துவிட்டது. பானெட் இடுக்கு வழியாக ஆவி புகைந்தது. வண்டியிலிருந்து இறங்கிய பையன் அதைப் போனில் பிடித்து, 'மலைமேல் டீக்கடை' என்று தலைப்பு வைத்து அனுப்பிவிட்டான். ஊரே பார்த்தது. பிறகு பல நாள் டாக்ஸி ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவரிடம் சர்க்கரை கம்மியாக ஒரு டீ கேட்டார்கள்.

அவர் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அன்றிலிருந்து அவர் கண் பாதி ரோட்டிலும் பாதி சூட்டைக் காட்டும் முள்ளிலும் இருந்தது. வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்துவந்தார். என்ன செய்தார்கள் என்று மனைவி கேட்டதற்குச் சரிபண்ணியாச்சு என்பதோடு முடித்துக்கொண்டார். அவளுக்கு ஒரே ஒரு விதி வைத்தார்: முள் கீழேயே கிடக்கவேண்டும், நடுவை நோக்கி வந்தாலே எச்சரிக்கை. அவளும் தினமும் பார்த்தாள். முள் அடியில் பல்லிபோல அசையாமல் ஒட்டிக்கிடந்தது. அதுவரைக்கும் நிம்மதி என்று இருந்தாள்.

ஒரு காலை நல்ல குளிர். ஆஸ்பத்திரி வாசலில் ஏறிய நர்ஸ் பின்சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஹீட்டரைப் போடச் சொன்னாள்.

"போட்டுத்தாங்க இருக்கு."

"இது ஹீட்டரா? எங்க பிணவறை இதைவிடக் கதகதப்பா இருக்கும்."

டிரைவரம்மா சிரித்தாள். ஹீட்டர் கெட்டுவிட்டது என்று அவள் வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கணவர் மலையேறி வந்த சூட்டோடு சூடாகச் சோதித்துப் பார்த்தார். அனல் வீசியது. உனக்குப் பொத்தான் எதுவென்று தெரியவில்லையா என்று கேட்டு அவரும் சிரித்தார்.

நர்ஸுக்குத் தூக்கம் வராமலிருக்கப் பேச்சு வேண்டும். ராத்திரி வந்த நோயாளி ஒருவரைப் பற்றிச் சொன்னாள். மழையில் நனைந்து வெட்டவெளியில் கிடந்தவராம். கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, நிற்கச் சொன்னால் தடுமாறுகிறார்.

"நல்ல காய்ச்சலா?" என்றாள் டிரைவரம்மா.

"காய்ச்சலே இல்லீங்க. உடம்பு சில்லிட்டுப்போச்சு. எல்லாரும் சூடு ஏறுதான்னு மட்டும்தான் பார்க்கிறாங்க. இருக்கவேண்டிய சூடு இல்லேன்னாலும் உடம்பு வேலை செய்யாது."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மகாராணி நின்றாள், நின்ற இடத்தில் உடம்பை உதறினாள். டிரைவரம்மா முள்ளைப் பார்த்தாள். அது வழக்கம்போல அடியில் கிடந்தது. கை நடுங்குகிறது, நிற்கச் சொன்னால் தடுமாறுகிறது. பச்சை விழுந்தபிறகும் அவள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்ததால் பின்னால் நின்ற வேன்காரர் ஹார்ன் அடித்தார்.

அன்று வங்கி வாசலில் காத்திருக்கும்போது அவள் இதையே உருட்டிக்கொண்டிருந்தாள். காரின் ஹீட்டருக்குச் சொந்தமாக அடுப்பு கிடையாது. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டைத்தான் அது கடன் வாங்கி உள்ளே வீசுகிறது. அவருக்கு அனல் வருகிறது, எனக்குக் குளிர்காற்று வருகிறது என்றால், அவர் ஓட்டுவது சூடான என்ஜின், நான் ஓட்டுவது பச்சைத்தண்ணீர் என்ஜின். வண்டி ஒன்றுதான், என்ஜின் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அவள் நினைத்தது சரி. பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். என்ஜினின் உட்சுவர் குளிர்ந்திருந்தால், சோற்றுப் பானையின் மூடியில் நீர் கோப்பதுபோல, பெட்ரோலும் துளித்துளியாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீரில் முக்கிவைத்த ஒரு சின்ன உணர்கருவி, இன்னும் குளிர்தான், இன்னும் குளிர்தான் என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டரும் பாவம், பெட்ரோல் குறைகிறதே என்று கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் குளிரில் தேன் மாதிரி கெட்டிப்பட்டு, ஓடவேண்டிய பாகங்களையெல்லாம் பிடித்து இழுக்கிறது. பிஸ்டன்களைக்கூடச் சூட்டில் விரிந்தபின் கச்சிதமாகப் பொருந்தும் அளவுக்குத்தான் செய்திருக்கிறார்கள். குளிரில் அவை தொளதொளவென்று ஆடும். இத்தனை பாரத்தோடு ஏற்றத்தில் ஏறு என்றால் எந்த வண்டியும் இருமத்தான் செய்யும்.

சாட்சிக்கு ஒன்று வேண்டுமென்று பானெட்டைத் திறந்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தாள். மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் அப்பியதுபோல ஏதோ வெளிறிப்போய் ஒட்டியிருந்தது. பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் நீராவியும் உண்டாகிறது. என்ஜின் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் வெளியேறிவிடும். சூடாகாவிட்டால் எண்ணெயோடு கலந்து இப்படித்தான் நுரைத்து உறையும். அவள் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கந்தல் துணியில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஹீட்டரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பு வாங்கியது நினைவிருந்தது. சொல்வதைவிடச் செய்துகாட்டுவது மேல் என்று முடிவுசெய்தாள்.

மறுநாள் நர்ஸிடம் கேட்டு ஒரு காலி அட்டைப்பெட்டி வாங்கினாள். சலைன் பாட்டில் வந்த பெட்டி. அதைப் பிரித்து ஒரு பலகைபோல வெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் செருகிக் கிளிப் போட்டாள். ரேடியேட்டர்தான் தண்ணீரின் சூட்டைக் காற்றில் ஆற்றுகிற இடம். அதன் முகத்தை மறைத்தால் சூடு உள்ளேயே தங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவது தெரு தாண்டும்போது முள் அடியிலிருந்து பெயர்ந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அது அசைவதை அவள் பார்த்தாள். நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. உதறல் நின்றது. பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் மகாராணி முனகாமல் ஏறினாள். ஹீட்டரிலிருந்து கதகதப்பு வர, நர்ஸ் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அட்டையைச் செருகுவாள். மதியம் ஸ்டாண்டில் கணவரிடம் சாவி கொடுக்கும் முன் உருவியெடுத்துப் பையில் மடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்திவைப்பாள். பெட்ரோல் முள் இறங்குவது மெதுவானது. கணவரும் கவனித்தார். "கால் பழகிடுச்சு போல" என்றார் ஒருநாள். தன் அறிவுரை வேலை செய்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மாசம் முடியட்டும், அட்டையை எடுத்து முன்னால் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு தம்பதி ஸ்டாண்டில் பரபரத்துக்கொண்டு நின்றார்கள். அவள் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் கணவர் பெட்டிகளை டிக்கியில் போட்டார், சாவியை வாங்கினார், கிளம்பிவிட்டார். அவள் வீட்டுக்கு நடந்துவந்து, குழம்பைச் சுடவைத்து, தட்டெடுக்கத் திரும்பியபோதுதான் கதவுக்குப் பின்னால் பார்த்தாள். இடம் காலியாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுப் போன் போட்டாள். மணி அடித்தது. வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்கமாட்டார். நல்ல பழக்கம்தான், அன்றைக்கு மட்டும் அதைத் திட்டிக்கொண்டே மறுபடி மறுபடி போட்டாள். இறங்கும்போது ஆபத்தில்லை, இறக்கத்தில் என்ஜினுக்கு வேலையே கிடையாது. ஏறும்போதுதான். மதிய வெயில், பாரம், வளைவு வளைவாக ஏற்றம், அதோடு மூடிய ரேடியேட்டர். அளவுக்கு மீறிக் கொதித்தால் என்ஜினின் தலைப்பாகம் நெளிந்துபோகும். நெளிந்தால் காலை ஓட்டம் யாருக்கு என்ற கேள்வியே இல்லை, ஓட்டமே இல்லை.

"தம்பி, பைக்கை எடு."

"எங்க அண்ணி?"

"கீழ. மகாராணிக்குப் போர்வை போர்த்தி விட்டிருந்தேன். எடுக்க மறந்துட்டேன்."

கொழுந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணி ஒருபோதும் பைக்கில் ஏறச் சம்மதித்ததில்லை என்பதால் விஷயம் பெரிது என்று மட்டும் புரிந்தது. பின்னால் உட்கார்ந்து காற்றோடு காற்றாக அவள் கத்திச் சொல்லச் சொல்ல, பாதி அவன் காதில் விழுந்தது, பாதி பள்ளத்தாக்கில் விழுந்தது.

பாதி மலையில் வண்டி ஓரமாக நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது, ஆனால் ஆவி இல்லை. கணவர் தடுப்புச்சுவரில் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை. ரயிலடியிலிருந்து ஏற்றிவந்தவர்களை வேறொரு டாக்ஸியில் அனுப்பிவிட்டாராம். முள் நடுவைத் தாண்டிய நொடியிலேயே ஓரங்கட்டியிருக்கிறார். சிவப்புக் கோட்டை அது தொடவே இல்லை. போன கோடையில் பிடித்த பயம் அன்றைக்கு என்ஜினைக் காப்பாற்றியிருந்தது.

"இது என்ன?" என்றார்.

"அட்டை."

"அட்டைன்னு தெரியுது. என் வண்டி மூஞ்சியில ஏன் கட்டியிருக்கு?"

"நம்ம வண்டி" என்றாள் அவள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குளிர்ந்த என்ஜின், அடியிலேயே கிடக்கும் முள், மூடியில் வெண்ணெய், அட்டை கட்டியபின் குறைந்த பெட்ரோல். அட்டையை எடுக்க மறந்தது தன் தப்பு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "கால் பழகல. என் கால் எப்பவும் ஒரே கால்தான்."

அவர் வெகுநேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோபம் இல்லாமல், ஏதோ கணக்குப் போடுகிறவர்போலப் பேசினார்.

"முள் ஏறினதும் ஹீட்டரை ஃபுல்லா வச்சேன். என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கும். பின்சீட்டுக்காரர், 'என்னப்பா, எங்களை அவிச்சு எடுக்கப்போறியா'ன்னார். அப்பத்தான் நினைச்சேன். உனக்குக் குளிர்காத்து வருதுன்னு சொன்னப்ப நான் சிரிச்சேனே."

எழுந்து டிக்கியைத் திறந்தார். ஸ்பானர் பைக்குள்ளிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். உள்ளே பித்தளை நிறத்தில் ஒரு வட்டத் தகடு, நடுவில் ஸ்பிரிங், பாட்டில் மூடியைவிடக் கொஞ்சம் பெரியது. தெர்மோஸ்டாட் வால்வு.

"கொதிச்சப்போ மெக்கானிக் இதைக் கழட்டிட்டார். இது இருந்தாத்தான் தண்ணி அடைபடும், இல்லாட்டி எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிட்டே இருக்கும், கொதிக்கவே கொதிக்காதுன்னார். தூக்கிப்போட மனசு வரல, வச்சிருந்தேன்."

"எந்நேரமும் ஓடிட்டே இருந்தா எப்படிங்க சூடாகும்?"

"சூடாக வேண்டாம்னுதானே கழட்டினேன்" என்றார் அவர். சொல்லி முடித்தபின் தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நிறுத்திக்கொண்டார்.

கொழுந்தன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "ஒருத்தர் ஜன்னலைப் பேர்த்து எடுத்தாச்சு. இன்னொருத்தர் அது தெரியாம போர்வையைப் போர்த்தியாச்சு. மகாராணி இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு."

என்ஜின் ஆறியபின் தண்ணீரைச் சரிபார்த்து ஊற்றி, அட்டை இல்லாமல் அவரே ஓட்டிவந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் இருவரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினாள். அந்த வால்வை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டாள். அதன் வயிற்றில் ஒரு துளி மெழுகு அடைத்திருக்கிறது. தண்ணீர் கொதிப்பதற்குக் கொஞ்சம் முன்பே அந்த மெழுகு உருகி விரியும். விரிந்து தகட்டைத் தள்ளி வழிவிடும். தண்ணீர் ஆறினால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் பக்கம் போகாதே என்று தண்ணீரைத் தடுத்துவைப்பதும், சூடேறியபின் போ என்று திறந்துவிடுவதும் இதன் வேலை. ஆளே இல்லாத ஒரு வாசற்காவல்.

மூன்று பேரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் முதலில் சலசலத்தது, பிறகு தளதளவென்று கொதித்தது. வால்வு திறக்கவில்லை. கரண்டியால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"சாத்தினபடியே இறுகிப்போயிருக்கு" என்றாள் அவள். "போன கோடையில கொதிச்சது இதாலதான். நீங்க ஓட்டினதால இல்ல."

அன்றைக்கு ஏற்றத்தில் ஏசியைப் போட்டு வேகமாக ஏறியதுதான் தப்பு என்று ஒரு வருஷமாக அவர் உள்ளுக்குள் வைத்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, வால்வைச் சூட்டோடு நூலைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டிக்கொண்டு நின்ற விதத்தில் தெரிந்தது.

மறுநாள் புது வால்வு வாங்கிவந்தார். ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்கும் முன் அதையும் அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள். கொதிநிலைக்குக் கொஞ்சம் முன்னால் அது உதடு பிரிப்பதுபோல மெதுவாகத் திறந்தது. கொழுந்தன் கைதட்டினான். பிறகு, கேட்கவேண்டியதைக் கேட்டான்.

"அப்ப முதல் தேதி?"

"முதல் தேதி நானும் வண்டியில வரேன்" என்றார் அண்ணன். "முன்சீட்டுல."

முதல் தேதியும் குளிராகத்தான் இருந்தது. டிரைவரம்மா வண்டியைக் கிளப்பினாள். முதல் தெருவில் முள் அடியில் கிடந்தது. இரண்டாவது தெருவில் எழுந்தது. கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். முள் விதியாக வைத்த கோட்டைத் தாண்டியது.

"ஏம்மா, ஏறுதே."

"ஏறட்டும்."

"நடுவுக்கு வருது பாரு. ஓரமா நிறுத்தேன்."

அவள் நிறுத்தவில்லை. முள் நடுவுக்கு வந்தது, நின்றது. எங்கோ உள்ளே மெழுகு விரிந்து, கதவு திறந்து, தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்கப் போயிருந்தது. இன்னும் இரண்டு தெரு அவர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அங்கேயே இருந்தது. கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஏறினாள். முன்சீட்டில் இருப்பவர் யார் என்று கண்ணாலேயே கேட்டாள். வீட்டுக்காரர் என்றாள் டிரைவரம்மா.

"ஓட்டக் கத்துக்கறாரா?"

"பார்க்கக் கத்துக்கறேன்" என்றார் அவர்.

பள்ளிக்கூடத்து ஏற்றம் வருவதற்குள் நர்ஸ் தூங்கிவிட்டிருந்தாள். மகாராணி ஒரே மூச்சில் ஏறினாள்.

காலைச் சவாரிகள் முடிந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் கணவர் இறங்கிப் பானெட்டைத் திறந்தார். எண்ணெய் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த வெளிறிய வெண்ணெயைப் பார்த்தார். விரலால் வழித்து மோந்தார்.

"எண்ணெய் மாத்தணும். நாளைக்குக் காலை ஓட்டம் முடிச்சிட்டு வண்டியை அப்படியே ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு வந்துடு. நான் மதியம் அங்கே வந்து எடுத்துக்கறேன்."

"சரிங்க" என்றாள் அவள். சாவியை அவரிடம் கொடுத்தாள்.

உள்ளே கொழுந்தன் இன்னும் படுக்கையில்தான் இருந்தான், ஆனால் முழித்திருந்தான். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. போர்வையைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான். விடியற்காலைக் குளிரில் எழுந்திருக்கவேண்டுமே என்ற கவலையில் ஒரு மாதமாக அவனுக்கும் சரியான தூக்கம் இல்லை.